கட்டி என்றதும் கலங்க வேண்டா

நெல்லிக்குப்பம், நெய்வேலிப் பகுதிகளிலிருந்து வருவோர் கட்டியைக் கண்டதும் எங்களிடம் கேட்பது, "இது புற்றுநோயா?" என்பதே. தொட்டுப் பார்த்தோ வலியை வைத்தோ இதனை முடிவு செய்தல் இயலாது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கொழுப்புக் கட்டி போன்ற தீங்கற்றவை தோன்றிய இடத்திலேயே மெல்ல வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவா. ஆயினும் மூளையில் தோன்றினால் அவையும் அழுத்தத்தால் ஆபத்து விளைவிக்கலாம். புற்றுக்கட்டியோ அண்டைத் திசுக்களை ஊடுருவும். இரத்தம், நிணநீர் வழியே பரவவும் வல்லது.

ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். வகையைப் பெரும்பாலும் உறுதி செய்வது 'பயாப்சி' எனும் திசுப் பரிசோதனையே. அறிக்கையிலுள்ள 'கிரேடு' உயிரணுக்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பதைக் கூறும். 'ஸ்டேஜ்' என்பது கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், பிற உறுப்புகள் ஆகியவற்றைக் கொண்டு நோய் எவ்வளவு பரவியுள்ளது எனக் கணிப்பது. இரண்டும் வேறு வேறு.

"ஊசி பட்டால் பரவிவிடும்" என அஞ்சிச் சிலர் காலம் தாழ்த்துகின்றனர். முறையான பரிசோதனையால் அவ்வாறு நேர்வது மிக அரிது. தாமதத்தால் விளையும் கேடே பெரிது.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. இன்று நமக்கு அருகே புதுச்சேரி ஜிப்மரிலும் புற்றுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. ஐயம் எழுந்தால் தயங்காது வாருங்கள்.