விலை எழுதாத கோடுகள்

பல்பொருள் அங்காடி ஒன்றின் பில் கவுன்ட்டரில் ஒருவர் மூன்று பழச்சாறு டப்பாக்களை வைக்கிறார். ஒன்று மாம்பழம், ஒன்று ஆரஞ்சு, ஒன்று திராட்சை. மூன்றுக்கும் ஒரே விலை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. பில் போடும் பெண் மாம்பழ டப்பாவை எடுத்து, அதையே மூன்று முறை ஸ்கேனருக்குக் காட்டுகிறார். பீப், பீப், பீப். தொகை சரியாக வருகிறது. வாங்கியவர் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

ஆனால் கடையின் இருப்புக் கணக்கில் அந்த நொடியில் மூன்று பிழைகள் விழுந்துவிட்டன. அலமாரியில் இருக்கும் இரண்டு மாம்பழ டப்பாக்களைக் கணக்கு இழந்துவிட்டது. அலமாரியை விட்டுப் போய்விட்ட ஓர் ஆரஞ்சும் ஒரு திராட்சையும் கணக்கில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. சில வாரம் கழித்து ஆரஞ்சுச் சாறு தேடி வருபவர் காலித் தட்டைப் பார்ப்பார். கணினியோ ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பார்கோடு என்றதும் பில்லை வேகமாகப் போடும் வசதிதான் நமக்கு நினைவுக்கு வரும். அது பாதி வேலை. கடையிலும் கிடங்கிலும் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று, எண்ணிப் பார்க்காமலே எந்த நேரமும் சொல்வது மறுபாதி. கணக்கில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த ஆசையை நிறைவேற்றத்தான் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிறந்தன.

மணலில் இழுத்த விரல்கள்

பார்கோடு இல்லாத காலத்தில் ஒவ்வொரு பொருளின் மேலும் விலைச்சீட்டு ஒட்டுவார்கள். கல்லாவில் இருப்பவர் அந்த விலையைப் பார்த்துத் தட்டுவார். நாள் முடிவில் எவ்வளவு பணம் வந்தது என்று தெரியும். எந்தெந்தப் பொருள் போனது என்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கடையை அடைத்துவிட்டுத் தட்டுத் தட்டாக எண்ண வேண்டும். மறுநாள் முதல் வாடிக்கையாளர் வந்ததுமே அந்த எண்ணிக்கை பழையதாகிவிடும்.

இந்தத் தொல்லைக்கு வழி கேட்டு, 1948-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், மளிகை அங்காடிகள் பல நடத்திய ஒருவர் டிரெக்சல் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தார். பொருள் கல்லாவைக் கடக்கும்போதே அதன் விவரம் தானாகப் பதிவாக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கல்லூரி நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தற்செயலாகக் கேட்ட பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர், தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்டை அந்தக் கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது. டிரெக்சலை விட்டு மியாமி கடற்கரையில் இருந்த தாத்தா வீட்டுக்குப் போய், அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் அவர் மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றிருந்தார். ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது விரல்களை மணலில் ஊன்றித் தம்மை நோக்கி இழுத்தார். மணலில் கோடுகள் விழுந்தன. தந்தியின் புள்ளியும் கோடும் கீழ்நோக்கி நீண்டால் மெல்லிய பட்டையும் தடித்த பட்டையும் ஆகுமே என்று அவருக்குப் பளிச்சிட்டது. காதுக்கான மொழி அங்கே கண்ணுக்கான மொழியாக மாறியது.

நண்பர்கள் இருவரும் 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1952-இல் கிடைத்தது. ஆனால் அவர்கள் கட்டிய சோதனைக் கருவிக்கு 500 வாட் விளக்கு தேவைப்பட்டது. அதன் சூட்டில் காகிதம் புகைந்தது. எண்ணம் தயாராக இருந்தது, அதைத் தாங்கும் கருவிகள் இன்னும் பிறக்கவில்லை. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். கணினிகளும் மெல்லச் சிறுத்து மலிவாயின. சில்வர் 1963-இலேயே காலமாகிவிட்டார்.

உட்லண்டும் சில்வரும் எந்தப் பக்கமிருந்தும் படிக்க வசதியாக, கோடுகளை வட்டங்களாக வளைத்திருந்தார்கள். அச்சகத்தில் மை சற்றே இழுபட்டாலும் வட்டம் கெட்டுப்போகும். ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் அவற்றைச் செங்குத்துப் பட்டைகளாக நிமிர்த்தினார். மை பட்டையின் திசையில் இழுபட்டால் பட்டை சற்று நீளும், அவ்வளவுதான், அகலம் மாறாது. 1973 ஏப்ரலில் அமெரிக்க மளிகைத் துறை அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் உள்ள மார்ஷ் அங்காடியில், 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் பொதி ஒன்று முதன்முதலாக ஸ்கேனரைக் கடந்தது.

தொண்ணூற்றைந்து துண்டுகள்

இப்போது வீட்டில் கைக்கெட்டும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பார்கோடுக் கட்டத்தைச் சம அகலமுள்ள 95 மெல்லிய துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கறுப்புத் துண்டு ஒன்று. வெள்ளைத் துண்டு பூஜ்யம். வெள்ளை வெறும் இடைவெளியன்று, அதுவும் எழுத்து. இரு ஓரங்களிலும் மும்மூன்று துண்டுகள் எல்லைக் கற்களாக நிற்கின்றன, நடுவில் ஐந்து. மீதம் 84. இதில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு துண்டுகள். இடப்பக்கம் ஆறு இலக்கம், வலப்பக்கம் ஆறு இலக்கம்.

ஸ்கேனரின் ஒளி பட்டைகள் மேல் ஓடும்போது வெள்ளை அதைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்கிக்கொள்கிறது. திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி அளக்கிறது. பட்டையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பது அதற்கு முக்கியமில்லை. பக்கத்துப் பட்டையைவிட எத்தனை மடங்கு என்பதே கணக்கு. அதனால்தான் பாக்கெட்டை அருகில் காட்டினாலும் சற்றுத் தள்ளிக் காட்டினாலும் படித்துவிடுகிறது. வழக்கமான லேசர் ஸ்கேனரின் ஒளி சிவப்பு. சிவப்பு மையில் அச்சிட்ட பட்டைகள் அதன் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். எனவே வெள்ளைத் தாளில் சிவப்புப் பட்டை பயன்படாது.

பட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்களுக்குத்தான் இடம் உண்டு என்று பார்த்தோம். கீழே அச்சாகியிருப்பவை பதின்மூன்று. முதல் இலக்கம் எங்கே?

இடப்பக்கத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு விதமாக எழுதலாம்: கறுப்புத் துண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்படி, அல்லது இரட்டைப்படையாக வரும்படி. எந்த இடத்தில் ஒற்றை, எந்த இடத்தில் இரட்டை என்ற வரிசையே முதல் இலக்கத்தைச் சொல்கிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்று வந்தால் அது 8. அந்த எட்டுக்கென்று தனிப் பட்டை கிடையாது. மற்ற ஆறு இலக்கங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அது மறைந்திருக்கிறது.

இதே ஏற்பாடு இன்னொரு வேலையும் செய்கிறது. இடப்பக்கப் பட்டைகளில் முதலில் வரும் இலக்கம் எப்போதும் ஒற்றைப்படை விதத்தில் எழுதப்படும். வலப்பக்கம் முழுக்க இரட்டைப்படை. பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினால் முதலில் இரட்டைப்படை இலக்கம் எதிர்ப்படும். தலைகீழாக இருக்கிறது என்று கருவி புரிந்துகொண்டு, திருப்பிப் படித்துக்கொள்ளும்.

காவல் நிற்கும் கடைசி இலக்கம்

8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 8, 27, 0, 3, 2, 9, 4, 15, 6, 21, 8, 27. மொத்தம் 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆகவே கடைசி இலக்கம் 0. கூட்டுத்தொகை 127 ஆக இருந்திருந்தால் கடைசி இலக்கம் 3. உங்கள் கையிலுள்ள பிஸ்கட் பாக்கெட்டிலும் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

இரண்டால் பெருக்காமல் மூன்றால் பெருக்குவது ஏன்? இரண்டால் பெருக்கினால் 0, 5 இரண்டுக்கும் பெருக்குத்தொகையின் கடைசி இலக்கம் பூஜ்யமே. ஒன்று இருந்த இடத்தில் மற்றது வந்தாலும் தெரியாது. மூன்றால் பெருக்கினால் பத்து இலக்கங்களுக்கும் பத்து வெவ்வேறு முடிவுகள். எனவே எந்த ஒரு தனி இலக்கம் தவறினாலும் இந்தக் காவலாளி பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். இரண்டுக்கும் ஐந்து வித்தியாசம் இருந்தால் மட்டும், 1-ம் 6-ம் போல, தப்பிவிடும்.

எண் ஒன்று, ஏடு ஒன்று

இத்தனை நுட்பமாக எழுதப்பட்ட கோடுகளில் பொருளின் பெயர் இல்லை, விலை இல்லை, காலாவதி தேதி இல்லை. ஓர் எண் மட்டுமே இருக்கிறது. 890 என்ற தொடக்கம்கூட அந்த எண்ணை வழங்கியது, உலகெங்கும் இத்தகைய எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை என்று மட்டும் சொல்கிறது. இலங்கைக் கிளைக்கு 479. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கு அது சான்றாகாது. கடையே எடைபோட்டு ஒட்டும் காய்கறி, பருப்புச் சீட்டுகள் விதிவிலக்கு. 2-இல் தொடங்கும் அவற்றில் எடையையோ விலையையோ பொதிந்துவைக்க முடியும்.

மற்றபடி எல்லா விவரமும் கடையின் கணினி ஏட்டில் இருக்கிறது. விலை கூடினால் ஏட்டில் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஆயிரம் பாக்கெட்டுகளில் சீட்டு மாற்ற வேண்டாம். லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது ஸ்கேன் செய்தால் ஏட்டில் கூடும், விற்கும்போது குறையும், திரும்பி வந்தால் மறுபடி கூடும். ஒரு சோப்பு நாளொன்றுக்கு 12 விற்கிறது, கேட்டால் வந்துசேர 4 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு நாளுக்கு 48 வேண்டும். விற்பனை திடீரென்று கூடினாலோ லாரி தாமதித்தாலோ சமாளிக்க இன்னும் 20. இருப்பு 68-ஐத் தொட்ட அன்றே கணினி நினைவூட்டும். அனுபவமுள்ள கடைக்காரர் நூறு பொருளுக்கு மனத்தில் வைத்திருக்கும் இந்தக் கணக்கை, பார்கோடு பத்தாயிரம் பொருளுக்கு வைத்திருக்கிறது.

இதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். ஒரு டப்பாவுக்கு ஓர் எண் என்றால், 24 டப்பா அடங்கிய அட்டைப்பெட்டிக்கு வேறு எண். கிடங்கில் பெட்டிக்குப் பதிலாக டப்பாவை ஸ்கேன் செய்துவிட்டால் 24 என்பது 1 ஆகிவிடும். ஒரே மருந்தின் எல்லா அட்டைகளிலும் சாதாரண பார்கோடு ஒன்றுதான். எது முதலில் காலாவதியாகும் என்று அதனால் சொல்ல முடியாது. தொகுதி எண்ணையும் காலாவதி தேதியையும் சேர்த்துச் சுமக்கும் நீண்ட குறிகள் அதற்காக வந்தன.

அதிகம் சுமக்க வேண்டும் என்ற அந்தத் தேவையே ஜப்பானில் க்யூஆர் கோடைப் பிறப்பித்தது. கார் உதிரிபாகப் பெட்டி ஒவ்வொன்றிலும் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் களைத்தார்கள். டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாரா குழுவினர் 1994-இல் அதற்கு விடையாகச் சதுரக் குறியைக் கொடுத்தார்கள். தேநீர்க் கடையில் நாம் பணம் அனுப்பும் அந்தச் சதுரமும் சரக்குக் கிடங்கின் பிள்ளைதான். 2027 முடிவுக்குள் உலகெங்கும் பில் கவுன்ட்டர்கள் இத்தகைய சதுரக் குறிகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜிஎஸ்1 அமைப்பின் இலக்கு.

எத்தனை சுமந்தாலும் குறியால் தானாக ஒன்றைச் செய்ய முடியாது: தன்னை ஸ்கேன் செய்துகொள்ள முடியாது. தட்டிலிருந்து விழுந்து உடைந்த புட்டியை, திருடு போன பொட்டலத்தை, யாரோ சொல்லும்வரை கணினி அறியாது. அதனால் நல்ல கடைகள் தினமும் ஓர் அலமாரியை மட்டும் கையால் எண்ணி, ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன. கடையை அடைக்காமலே சில வாரங்களில் முழுக்கடையும் எண்ணப்பட்டுவிடும்.

மறுபடி அந்தக் கவுன்ட்டருக்கு வருவோம். மூன்று டப்பாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால் இரண்டு விநாடி கூடுதலாகும். அவசரத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அந்த இரண்டு விநாடி ஏன் என்று யாராவது ஒருமுறை சொல்லித்தர வேண்டும். சொன்னால் ஆரஞ்சு ஆரஞ்சாகவே குறையும், திராட்சை திராட்சையாகவே குறையும். சரக்கு கேட்க வேண்டிய நாளில் கேட்கப்படும். சில வாரம் கழித்து வருபவர் கை நீட்டும் இடத்தில் ஆரஞ்சுச் சாறு இருக்கும்.