பழைய பிக்கப்பில் இரண்டாவது கியர்பாக்ஸ்: பொறுப்பு யார் தலையில்?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளைத் தேடிப்பிடித்து ஓட்டுகிறவர்களிடம் ஓர் ஆசை அடிக்கடி தலைதூக்கும். வண்டியில் இருக்கும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்றையும் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே கனரக லாரிகளுக்கு இப்படித் துணை கியர்பாக்ஸ் பொருத்துவது சாதாரணமான காரியம். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் இயங்கிய பிரவுன்-லைப் நிறுவனத்தின் பெயரை வைத்து, இந்த வகைப் பெட்டிகளையே பொதுவாக ‘பிரவுனி’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. பிற்பாடு டானா ஆன ஸ்பைசர் நிறுவனத்தின் பெட்டிகளும் காயலான் கடைகளில் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் மூன்று நிலைகள் இருக்கும்: இழுவைக்கு ஒன்று, நேர்ப்போக்குக்கு ஒன்று, நெடுஞ்சாலை வேகத்துக்கு ஓவர்டிரைவ் ஒன்று. நாலு கியர் வண்டியில் இதைச் சேர்த்தால் பன்னிரண்டு கியர் ஆகிவிடும். டிரைவர் கைக்கு இரண்டு லீவர்கள்.

இந்த மாற்றத்தைச் செய்ய அமெரிக்கச் சட்டம் வண்டிக்காரருக்குப் பெருமளவு சுதந்திரம் தருகிறது. இந்தியாவில் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் அத்தகைய பொதுத்தடை இல்லை. மாநில விதிகளும் வருடாந்தரச் சோதனைகளும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் முன்கூட்டித் தடுப்பார் இல்லை என்றால் முன்கூட்டிச் சோதிப்பாரும் இல்லை என்று பொருள். பெட்டி சரியானதா, பொருத்திய விதம் சரியா என்ற கேள்விகள் விபத்துக்குப் பிறகுதான், இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் நீதிமன்றத்திலும் எழும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். ஆகவே இந்த விஷயத்தில் அவருடைய உரிமைகள் பணம் கைமாறுவதற்கு முன்புதான் பலமாக இருக்கின்றன. பிறகு தேடும் பரிகாரம் முன்பே எழுதி வாங்கிய காகிதத்தின் அளவுக்குத்தான் கிடைக்கும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதல் ஆபத்து நியூட்ரலில் இருக்கிறது. சாதாரண வண்டியில் இன்ஜினை அணைத்து முதல் கியரில் விட்டால், ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி பெரும்பாலும் நகராது. துணைப் பெட்டி வந்த பிறகு இரண்டு நியூட்ரல்கள். பின் பெட்டி நியூட்ரலில் நின்றுவிட்டால் முன் பெட்டியை எந்தக் கியரில் போட்டாலும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இருக்காது. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் டிரம், பின்சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருக்கும். ஷாஃப்டைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. அதற்குப் பின்னால் துணைப் பெட்டியை மாட்டி, அது நியூட்ரலில் இருக்கும்போது சரிவில் வண்டியை நிறுத்தினால், ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்திருந்தாலும் சக்கரங்கள் உருளும். பிடித்திருப்பது முன் ஷாஃப்டை மட்டும்தான். டிரம்மைத் துணைப் பெட்டியின் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அல்லது பின்சக்கரத்தைப் பிடிக்கும் தனி ஏற்பாடு வேண்டும். இதைச் செய்யாத பொருத்தல் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் முடிந்த வேலை ஆகாது.

ஓடும்போதும் இதே சிக்கல்தான். இந்தப் பெட்டிகளில் இன்றைய வண்டிகளில் உள்ளதுபோலப் பற்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ கிடையாது. டபுள் கிளட்ச் மிதித்து, இன்ஜின் வேகத்தைக் காதால் அளந்து கியர் போட வேண்டும். இறக்கத்தில் சுமையோடு போகும்போது ஒரு மாற்றம் தவறினால், பெட்டி நியூட்ரலில் சிக்கிக்கொள்ளும். வண்டி வேகம் எடுக்க எடுக்கப் பல் கோர்ப்பது இன்னும் கடினமாகும். இன்ஜின் தரும் தடுப்பு போய், முழுப் பாரமும் பழைய டிரம் பிரேக்குகள் மேல் விழும். இறக்கம் தொடங்குமுன் கியரைத் தேர்ந்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது என்று லாரி டிரைவர்கள் சொல்வது இதனால்தான். வண்டியைக் கடன் வாங்கி ஓட்டுகிறவருக்கு இது தெரிந்திருக்காது. கியர் நிலைகளின் படத்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டி வைப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.

இரண்டாவது ஆபத்து முறுக்குவிசையில். ஒரு கணக்குப் பார்க்கலாம். 300 நியூட்டன் மீட்டர் விசை தரும் இன்ஜின், 6.69 என்ற முதல் கியர் விகிதம் கொண்ட நியூ பிராசஸ் 435 கியர்பாக்ஸ். அதன் வாயில் வெளிவரும் விசை சுமார் 2,000 நியூட்டன் மீட்டர். துணைப் பெட்டியின் இழுவை நிலை 2.0 என்று வைத்துக்கொண்டால், பின் ஷாஃப்டுக்குப் போவது 4,000. டயர் வழுக்கினால் விசை அங்கேயே தணிந்துவிடும்; நிறைய பாரம் ஏற்றி டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் ஷாஃப்ட், யுனிவர்சல் ஜாயிண்ட், கிரவுன்-பினியன் ஆகியவற்றில் எது பலவீனமோ அது உடையும். முன்பக்க ஜாயிண்ட் உடைந்தால் சுழலும் ஷாஃப்ட் ரோட்டில் குத்தும். அருகே செல்லும் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அடிக்கும். ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

பொருத்தும் விதமும் அவ்வளவு முக்கியம். வார்ப்பிரும்புப் பெட்டி தன் எடையை மட்டும் சேஸிஸில் சுமத்துவதில்லை. இழுக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்த்திசையில் திருகிக்கொள்ளப் பார்க்கும். மேடுபள்ளத்தில் சேஸிஸ் வளையும். ரப்பர் இல்லாமல் இறுக்கி முடுக்கினால் பெட்டியின் காதுகளில் விரிசல் விழும். இடம் போதவில்லை என்று கிராஸ் மெம்பரை வெட்டுவதும், சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதும் வண்டியின் முதுகெலும்பை ஒடிக்கிற வேலை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் வரும் குட்டி ஷாஃப்டில் நீளம் கூடிக் குறைய வழி வேண்டும். ஜாயிண்டுகளின் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக அமைய வேண்டும். இல்லையென்றால் அதிர்வு முதலில் காதுக்கும் பிறகு பேரிங்குக்கும் எட்டும்.

மூன்றாவது ஆபத்து வேகம். பல வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் கியர்பாக்ஸின் வால்பகுதியிலிருந்து வரும். பின்னால் 0.75 விகித ஓவர்டிரைவ் சேர்ந்தால் மீட்டருக்கு அது தெரியாது. முள் 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 80 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும். 60-க்கும் 80-க்கும் இடையே அது ஏறக்குறைய 78 சதவீதம் அதிகம். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். ஓடிய தூரத்தின் கணக்கும் குறைவாகவே பதிவாகும். வண்டியை விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். ஆகவே மீட்டரைத் திருத்தியமைப்பதும், திருத்தியதை எழுதி வைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

நான்காவது, மிகப் பரவலான தவறான எண்ணம்: கியர் கூடினால் சுமக்கும் திறனும் கூடும் என்பது. வண்டியின் மொத்த எடை வரம்பைத் தீர்மானிப்பவை சேஸிஸ், ஸ்பிரிங், ஆக்சில், டயர், பிரேக். துணைப் பெட்டி இவற்றில் எதையும் தொடுவதில்லை. தன் எடையால் ஏற்றக்கூடிய பாரத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. இழுக்க முடிகிறது என்பதால் ஏற்றுகிறோம். நிறுத்த முடியுமா என்பதை இறக்கத்தில்தான் அறிகிறோம். மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டுகிற வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டு வரம்பைத் தொட்டுவிட்டால் கூட்டாட்சியின் வணிக வாகன விதிகளும் வந்து சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன தருகிறது?

பெட்டியை வாங்குவதிலிருந்து தொடங்குவோம். லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தின் இரண்டாம் பகுதிப்படி, அந்தப் பொருளையே வியாபாரமாக விற்பவர், அது அதற்குரிய சாதாரணப் பயன்பாட்டுக்கு உகந்தது என்று சொல்லாமலே உறுதி தருகிறார். ஆனால் ‘இருக்கிற நிலையில் விற்பனை’ என்று ரசீதில் எழுதிவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் அந்த உறுதி கரைந்துபோகும். காயலான் கடை ரசீதில் இந்த வரி இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம். தனிநபர் விற்றால் அந்த மறைமுக உறுதி தொடக்கத்திலேயே கிடையாது. எஞ்சுவது விற்பவர் வெளிப்படையாகச் சொன்ன சொல். ‘இது இன்ன மாடல், எல்லாப் பற்களும் நன்றாக இருக்கின்றன, வார்ப்பில் விரிசல் இல்லை’ என்று அவர் குறுஞ்செய்தியில் எழுதினாலும் அது வாக்குறுதிதான். ‘இருக்கிற நிலையில்’ என்ற வரியால் அதை எளிதில் அழிக்க முடியாது. வாய்ச்சொல்லை எழுத்தாக்குவதில்தான் வாங்குபவரின் பலம் இருக்கிறது.

வாங்குமுன் சோதித்துப் பார்ப்பதும் உரிமையே. சோதிக்க வாய்ப்புக் கொடுத்தும் மறுத்தவர், பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்காகப் பிறகு புகார் சொல்வது கடினம். மேல்மூடியைக் கழற்றிப் பல் முனைகளைப் பார்க்க வேண்டும். கியர் மாற்றிப் பழகாதவர் கையில் இருந்த பெட்டியில் அவை கரும்பு கடித்ததுபோல் உதிர்ந்திருக்கும். அடி ஆயிலை ஒரு தட்டில் வடித்து, காந்தத்தில் என்ன ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு குறை தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் விற்றவருக்கு எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காதவர் பரிகாரத்தை இழப்பார் என்று அதே சட்டம் சொல்கிறது. வழக்குப் போட நான்கு ஆண்டுகள் இருக்கின்றனவே என்று சும்மா இருப்பது இதனால் ஆபத்து.

பட்டறையில் கொடுத்துச் செய்தால் நிலைமை சற்று மாறும். தரவிதிப்படி வண்டியில் வைக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனம் எதையும் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை உரிமையாளருக்குப் பொருந்தாது. ஆனால் பழுதுபார்க்கும் தொழில் செய்பவருக்குப் பொருந்தும். வண்டிகளுக்கான முதல் தரவிதிகள் 1968-ல்தான் நடைமுறைக்கு வந்தன என்பதால், அதற்கு முந்தைய வண்டிகள் இதற்குள் வரமாட்டா. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். கூடுதல் செலவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கழற்றிய பாகங்களைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். புகார் கொடுக்க அங்கே வாகனப் பழுதுபார்ப்புக்கென்றே ஒரு வாரியம் உண்டு. பணத்தைத் திரும்பப் பெறச் சிறுவழக்கு நீதிமன்றம் போதும். கலிபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை, டெக்சஸில் 20,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். கிரெடிட் கார்டில் கட்டிய பெட்டி வந்து சேரவே இல்லை என்றால், பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுதி மறுக்கலாம்.

சற்றே புதிய பிக்கப்பில் இதை மாட்டுகிறவர்களுக்கு 1975-ன் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் ஓரளவு துணை. வெளிப்பாகம் ஒன்றைப் பொருத்தினார் என்பதற்காக மட்டும் முழு வாரண்டியையும் ரத்துசெய்ய முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால் ஆக்சில் உடைந்தது என்று உற்பத்தியாளர் காட்டிவிட்டால் அந்தச் செலவு உரிமையாளருடையதே. இன்சூரன்ஸில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்தால், கேட்பு வரும் நாளில் அந்த மௌனமே நிறுவனத்துக்கு ஆயுதம் ஆகிவிடும்.

மறுப்புகளும் பதில்களும்

“பத்து டன் லாரியில் ஓடிய பெட்டி, பிக்கப்பில் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பார்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், அது உண்மையே. ஆனால் அந்த லாரியில் பெட்டிக்கு ஏற்ற ஷாஃப்டும் ஆக்சிலும் பிரேக்கும் இருந்தன. பிக்கப்பில் பலமான ஒரு பாகத்தைச் சேர்ப்பது, உடைகிற இடத்தை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடுவதாகவே முடியும். “என் வண்டி, என் விருப்பம்” என்பது இன்னொரு வாதம். சொந்த நிலத்துக்குள் ஓட்டும் வரை அதில் நியாயம் இருக்கிறது. பொதுச்சாலையில் பின்னால் வருபவர் அந்த விருப்பத்தில் பங்கு கொள்ளவில்லை. விளைவில் மட்டும் பங்கு கொள்கிறார். “இத்தனை காகிதம் பார்த்தால் பொழுதுபோக்கு என்ன ஆகும்?” என்பதும் பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. பழைய இயந்திரங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இந்த ஆர்வலர்கள்தான். ஆனால் ஒரு ரசீது, நாலைந்து படங்கள், இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம் என்பவை பெட்டியைத் தூக்கி மாட்டும் உழைப்போடு ஒப்பிட்டால் அற்பம்.

தேவை என்ன என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறுவதுதான் குறை என்றால், கிரவுன்-பினியன் விகிதத்தை மாற்றுவதோ, உத்தரவாதத்தோடு விற்கும் புதிய ஓவர்டிரைவ் வாங்குவதோ இரண்டாவது நியூட்ரலால் வரும் தொல்லை பலவற்றைத் தவிர்க்கும். பழைய பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர், ஹேண்ட்பிரேக் எந்தப் பக்கம் பிடிக்கிறது, மீட்டர் எங்கிருந்து படிக்கிறது, ஷாஃப்டை அளந்து சமன்படுத்தியவர் யார், இன்சூரன்ஸுக்குத் தெரிவித்தாயிற்றா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வைத்துக்கொண்டு சாலைக்கு வரட்டும். அந்தப் பதில்கள் இல்லாதவருக்கு, மாற்றியமைக்கும் சுதந்திரம் என்பது எல்லாப் பொறுப்பையும் தனியாகச் சுமக்கும் சுதந்திரம் மட்டுமே.