அயல்நாட்டில் ஒரு மூன்று நாள் விடுமுறை

பொருள் ஈட்டக் கடல் கடந்து சென்ற நம் தந்தையரும் தமையன்மாரும் விடுமுறை வந்தால் அறையிலேயே உறங்கி, வீட்டை எண்ணி ஏங்குவதுண்டு. அந்நாள்களைப் பயனுள்ளதாக்க முடியாதா? சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம்.

அங்கே பெரிய வெள்ளி அரசு விடுமுறை. சனி, ஞாயிறும் சேர்ந்தால் பலருக்கு மூன்று நாள் ஓய்வு. வெள்ளியன்று ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தில் வழிபடலாம். பிரான்ஸ் நாட்டு லூர்து ஆலயத்தை மாதிரியாகக் கொண்டு, தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டப்பட்டது இது. இன்றும் அங்குத் தமிழில் திருப்பலி உண்டு.

சனியன்று தாவரவியல் பூங்கா செல்லலாம். 1859-இல் தோன்றிய இதனை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்திற்கு மட்டுமே கட்டணம். 1877-இல் இங்கு ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவை மரமானபின், விதைகள் மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றன. அங்குப் பால் வடிக்கக் கப்பலேறியோரில் அந்நாளைய சேலம் மாவட்டத்தாரும் இருந்தனர். அப்பூங்காவைக் காணும்போது நம் முன்னோர் சிந்திய வியர்வை நினைவுக்கு வராதா?

ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. திருப்பலி முடிந்ததும், கண்டவற்றையெல்லாம் வீட்டாரிடம் தொலைபேசியில் சொல்லி மகிழலாம்.

அவர்களுக்குச் சொல்வது இருக்கட்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் கொல்லிமலை நம் மாவட்டத்திலேயே இருந்தும், நம்மில் எத்தனை பேர் ஆகாய கங்கை அருவியைக் கண்டிருக்கிறோம்? அடுத்த விடுமுறைக்குத் தந்தையர் ஊர் வரும்போது, அவர்களோடு சென்று கண்டு வருவோம்!