ஏரியின் மேல் எழுந்த கடைவீதி

தியாகராய நகரில் மாலை வேளையில் திரளும் ஜனக் கூட்டத்தைக் காண்பவர்களிடம், அவ்விடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்துத் தூர்த்து, 1920-களில் குடியிருப்புக்கென்றே வகுக்கப்பட்ட நகரம் அது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் அந்த ஏரிக்குச் சாட்சியாக நிற்கிறது.

அப்பொழுது மாகாணத்தை ஆண்டது ஜஸ்டிஸ் கட்சி. ஆகவே 1925-இல் காலமான ஸர் தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கும், பனகல் ராஜாவின் பெயர் பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. டாக்டர் நாயரும் ஸர் முகம்மது உஸ்மானும் சாலைகளாயினர். சௌந்தரபாண்டிய நாடாரின் பெயரே பாண்டி பஜார் என மருவிற்று என்பர். கட்சி மறைந்தது, பெயர்கள் நிலைத்தன. இதில் நமக்கு வருத்தமொன்றுமில்லை.

திட்டமிட்டவர்கள் எண்ணியது தோட்டஞ் சூழ்ந்த வீடுகளையே. வியாபாரத்தை அழைத்து வந்தது ரயில். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குவோர் உஸ்மான் ரோட்டை அடைய ரங்கநாதன் தெரு என்னும் சிறு சந்து வழியாயிற்று. நடப்பவன் கண்ணில் பட்டதெல்லாம் கடையாயிற்று, வீடுகள் கடைகளாயின, கடைகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தன. கல்யாணத்துக்குப் பட்டும் பாத்திரமும் பொன்னும் ஒரே இடத்தில் வாங்க வெளியூர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவிந்தன. தெருவின் அகலம் மாத்திரம் வளரவில்லை.

இங்கேதான் சட்டம் தலைகுனிந்தது. விதி மீறிய கட்டிடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த 1998-இல் சட்டத்தையே திருத்தினார்கள். அனுமதிப்படி கட்டினவன் மூடன், மீறினவன் சமர்த்தன் என்று சர்க்காரே தீர்ப்பளித்தது போலாயிற்று. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் பற்றிய தீ இரண்டு உயிர்களைக் கொண்டது. 2011 அக்டோபர் 31-ந் தேதி அத்தெருவில் பல கட்டிடங்களுக்கு அதிகாரிகள் ஸீல் வைத்தனர். 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டின் தற்காலிக உத்தரவினால் அவை திறக்கப்பட்டன. 2017-இல் உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை எரிந்து, கட்டிடமே இடிக்கப்பட்டது.

கடையை மூடினால் ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் பிழைப்பதெப்படி என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அச்சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் வேண்டுமென்பதற்கே 2021-இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவர்கள்மீது முதலாளிகளுக்குள்ள பரிவின் அளவை அதிலிருந்து வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2019-இல் பாண்டி பஜாரில் விசாலமான நடைபாதையும், 2023-இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைமேடையும் அமைத்தது நல்ல காரியமே. இனி நகரசபையார் செய்யவேண்டியது, ரங்கநாதன் தெருவின் ஒவ்வொரு கட்டிடத்திலும் எத்தனை மாடிகளுக்கு அனுமதி உண்டு, தீ விபத்தில் தப்ப எத்தனை வாயில்கள் உண்டு என்பதை அவ்வக் கடை வாசலிலேயே தமிழில் எழுதி வைக்கும்படி உத்தரவிடுவதாகும்.