மெருகும் மெழுகும்

மே மாதத்துத் தில்லியில் சில மாலைப் பொழுதுகளில் வானம் திடீரென்று மஞ்சள் நிறம் கொள்ளும். தெருவோர வேம்புகள் ஒரு பக்கமாகச் சாயும். இராசத்தானத்துப் பாலைவெளியிலிருந்து மணலையும் புழுதியையும் வாரிக்கொண்டு, ‘ஆந்தி’ என்று அங்குள்ளோர் கூறும் புழுதிக்காற்று வந்து சேரும். சிறிது நேரத்தில் அது ஓய்ந்துவிடும். ஆயினும் சாளரக் கட்டையிலும், துணி உலர்த்தும் கொடியிலும், குடியிருப்பின் முன்னே வரிசையாக நிற்கும் மகிழுந்துகளின் மேலும் பழுப்பு நிறப் படலம் ஒன்று படிந்து கிடக்கும்.

மறுநாள் விடியற்காலையில் வண்டி துடைக்கும் தொழிலாளர் வருகிறார். அவர் கையில் ஒரு வாளி நீர். தோளில் ஒரு துணி. வீட்டார் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் அந்த வரிசை முழுவதையும் அவர் துடைத்து முடித்தாக வேண்டும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் வண்டிகள் எல்லாம் பளிச்சென்று நிற்கின்றன. ஈராண்டுகள் கழிகின்றன. ஓர் இரவு, பெட்ரோல் நிலையத்தின் விளக்கொளியில், கருநிற வண்டியொன்றின் மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் எண்ணற்ற கீறல்கள் தெரிகின்றன. யாரோ பகை கொண்டு கீறிவிட்டதாக வண்டிக்குரியவர் ஐயுறுகிறார். பகைவர் எவரும் இல்லை. நாள்தோறும் அக்கறையோடு துடைத்ததனால் விழுந்த கீறல்களே அவை.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய, வண்டியின் மேற்பரப்பைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். மகிழுந்தின் உடல் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனது. அதன்மேல் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு ஒன்று, அடிப்பூச்சு ஒன்று, வண்ணப்பூச்சு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு ஒன்று என அடுக்கடுக்காகப் பூச்சுகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தும் 100 முதல் 150 மைக்ரோமீட்டர் கனமே இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறே ஒரு மைக்ரோமீட்டர். தெளிபூச்சு மட்டும் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரோமீட்டர். மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிப்புடையது. வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும் அந்தக் காப்புப் படலம் ஒரு மயிரிழையைவிட மெல்லியது. பளபளப்பு என்று நாம் காண்பதும் அப்படலத்தின் வழவழப்பையே.

புழுதியில் கலந்திருக்கும் மணலோ குவார்ட்சு என்னும் கனிமம். 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்னும் செருமானியக் கனிமவியல் அறிஞர் கடினத்தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் வைரத்துக்கு 10, குவார்ட்சுக்கு 7. சாளரக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. கண்ணாடியையே கீறவல்ல மணல் தெளிபூச்சை விட்டுவைக்குமா? உலர்ந்த துணியோ அரைகுறையாக நனைந்த துணியோ அம்மணல் துகள்களைப் பற்றிக்கொண்டு வண்டியின் மேல் நெடுக இழுத்துச் செல்கிறது. துணி மென்மையானதுதான், ஆனால் கீறுவது துணி அன்று, துணியின் பிடியில் உள்ள மணல். நீண்ட கைப்பிடி கொண்ட நூற்குஞ்சத்தால் தட்டுவோர் பலர். மெல்லிய தூசியை அது வாரிக்கொள்ளும். ஆந்திக்குப் பின் படிந்த மணலின் மேல் அதை ஓட்டினால் உப்புத்தாள் கொண்டு தேய்த்ததற்கு ஒப்பாகும்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. அக்கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. துணி சென்ற திசையெல்லாம் அவை தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கின் எதிரொளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன; மற்றவை தெரிவதில்லை. ஆகவே விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக வலை பின்னியதுபோல் தோன்றுகிறது. விளக்கு நகர்ந்தால் வலையும் நகரும். பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்போர் இதே காட்சியைக் காணலாம்.

புழுதி வண்டியின் மேல் வெறுமனே கிடக்கும்வரை பூச்சைக் கீறுவதில்லை. அதை அகற்றும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. தூய்மை செய்தலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. பாத்திரத்தைத் துலக்குகிறோம்; துணியை அலசுகிறோம்; மேசையைத் துடைக்கிறோம்; முகத்து வியர்வையை ஒற்றி எடுக்கிறோம். ஒன்றுக்கு ஒன்று ஈடாகாத வினைகள் இவை. வண்டிக்கு முதலில் வேண்டியது அலசுதல். முடிவில் வேண்டியது ஒற்றுதல். துலக்குதலுக்கு அங்கே இடமே இல்லை.

வண்டியைக் கழுவ ஏற்ற நேரம், வெயில் ஏறாத காலை அல்லது நிழல் விழுந்த மாலை. முன்மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் காத்திருக்க வேண்டும். சூடான தகட்டில் சோப்பு நீர் கழுவுமுன்னரே காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகளும் அவ்வாறே வெண்புள்ளிகளாக நின்றுவிடும். இந்தியக் குடிநீர்த் தரநிலை, நீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க எல்லையாகக் கொள்கிறது. தில்லியைச் சுற்றியுள்ள பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இவ்வெல்லையைத் தாண்டியது. வீட்டு நீர் வடிகட்டும் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவுவது பல வீடுகளில் வழக்கம். நல்ல சிக்கனமே. ஆயினும் அந்நீரில் உப்பு இன்னும் மிகுதி. மண்ணைக் கரைத்து ஓட்டும் முதல் அலசலுக்கு அது போதும். இறுதி அலசலுக்கு ஆகாது.

நீரைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீர்த்தட்டுப்பாட்டால் தவித்த பெங்களூரில், குடிநீரால் வண்டி கழுவுவோருக்கு 5000 ரூபாய் தண்டம் என்று ஆணை பிறந்தது. அதே ஆண்டு மே மாதக் கடும் வெயிலில், குழாயைப் பிடித்து வண்டி கழுவுவோருக்கு 2000 ரூபாய் தண்டம் என்று தில்லி அரசும் அறிவித்தது. தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும்போது, இன்னொரு முனையில் வண்டியின் மேல் நீர் பாய்ந்துகொண்டிருப்பது கண்ணுக்கு அழகன்று. நல்வாய்ப்பாக, பூச்சைக் காக்கும் முறைக்குக் குழாய் தேவையே இல்லை. இரண்டு வாளிகளும் செடிகளுக்கு நீர் ஊற்றும் பூவாளி ஒன்றும் போதும்.

பூவாளியால் வண்டியின் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரை மெல்லப் பெய்ய வேண்டும். கை படாமலே மணலின் பெரும்பகுதி நீரோடு இறங்கிவிடும். இந்த முதல் அலசலில் அவசரம் கூடாது. சேறு காய்ந்து ஒட்டியிருக்கும் இடங்களில் நீர் ஊறும்வரை பொறுத்திருந்து இரண்டாம் முறையும் ஊற்றலாம். பிறகு ஒரு வாளியில் வண்டிக்குரிய ஷாம்பு கலந்த நீரும், மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவென்றே செய்யப்பட்டவை. வண்டியின் மேலுள்ள மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும். ஆகவே அவை வேண்டா.

கையுறை வடிவில் தைத்த அடர்ந்த நுண்ணிழைத் துணியை, அதாவது மைக்ரோஃபைபர் துணியை, ஷாம்பு நீரில் தோய்த்து, அழுத்தாமல், நேர்க்கோடாக ஓட்ட வேண்டும். அதன் நீண்ட இழைகள் எஞ்சிய துகள்களைத் தம்முள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு கதவளவு இடம் முடிந்ததும் துணியை முதலில் வெறும் நீர் வாளியில் அலசிப் பிழிந்து, அதன் பின்னரே ஷாம்பு வாளியில் தோய்க்க வேண்டும். இரண்டாவது வாளியின் பயன் இதுதான். ஒரே வாளியானால், வண்டியிலிருந்து எடுத்த மணல் அவ்வாளியில் இறங்கி, மீண்டும் துணியில் ஏறி, மீண்டும் வண்டிக்கே வரும். வேலை முடிந்தபின் வெறும் நீர் வாளியின் அடியில் விரலை வைத்துப் பார்த்தால், வண்டியைக் கீறியிருக்கக்கூடிய மணல் நெருநெருவென்று தட்டுப்படும்.

கூரை, கண்ணாடிகள், முன்மூடி, கதவுகளின் மேற்பாதி என்று மேலிருந்து கீழே வருவதே முறை. சக்கரங்களின் அருகில் உள்ள கீழ்ப்பகுதியில்தான் மணல் மிகுதி, அது கடைசி. சக்கரங்களில் படிந்திருக்கும் கரிய தூளில் பிரேக்கிலிருந்து தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் உண்டு. எனவே அவற்றுக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அது கூடவே கூடாது. அதைச் சோப்பிட்டுத் துவைத்த பின்னரே எடுக்க வேண்டும்.

இறுதி அலசலுக்குப் பின் ஈரம் காயுமுன் பெரிய நுண்ணிழைத் துண்டை விரித்து, மேலே படியவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். அப்பாவின் பழைய பனியன், பொத்தானோடு கிழிந்த சட்டை, தையல் தடித்த துண்டு ஆகியவை சமையலறை மேடைக்குப் பயன்படட்டும்.

பறவை எச்சம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராது. அதில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் காயக் காயத் தெளிபூச்சில் மங்கிய தழும்பை உண்டாக்கிவிடும். புதுதில்லியின் அகன்ற சாலைகள் சிலவற்றில் நாவல் மரங்கள் நிழல் தருகின்றன. பழம் உதிரும் காலத்தில் அவற்றின் அடியில் நிறுத்திய வண்டியின் மேல் கறையும் எச்சமும் ஒருங்கே விழும். சுரண்டக் கூடாது. நனைந்த துணியை அதன்மேல் சில நிமிடம் போர்த்தி, இளகியபின் மேல்நோக்கி எடுத்துவிட வேண்டும்.

இனி மெழுகு. கடைகளில் அருகருகே அடுக்கியிருக்கும் டப்பாக்களில் சில மெருகேற்றும் பசைகள், சில மெழுகுகள். மெருகு, மெழுகு என்னும் சொற்களுக்கிடையே வேறுபாடு ஓர் எழுத்தே. செயலிலோ அவை எதிரெதிர். மெருகேற்றும் பசையில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உண்டு. அது தெளிபூச்சைச் சிறிது தேய்த்து எடுத்துக் கீறலின் ஆழத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு முறையும் மயிரிழையினும் மெல்லிய படலத்திலிருந்து கொஞ்சம் போகிறது, போனது திரும்புவதில்லை. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படலத்தைச் சேர்க்கிறது. ஆழ்ந்த கீறலை மெழுகு நீக்காது. மாதந்தோறும் மெருகேற்றுவது வண்டியைப் பேணுவதாகாது, செலவழிப்பதாகும். சாணத்தால் தரையை மெழுகுதல் என்று சிற்றூர்களில் கூறுவர். மேலே ஒரு படலத்தைப் பூசுதல் என்பதே அவ்வினையின் பொருள். இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்ள அச்சொல்லே போதும்.

பெயர்பெற்ற வண்டி மெழுகு, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்னூபா என்னும் பனையின் இலையிலிருந்து கிடைக்கிறது. நெடிய வறட்சியில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அப்பனை இலைமேல் மெழுகைச் சுரக்கிறது. இலைகளை வெட்டி உலர்த்தி அடித்து அந்த மெழுகுப் பொடியை உதிர்த்தெடுக்கின்றனர். தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகிவிடும். கார்னூபா மெழுகு உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். கோடையில் கொதிக்கும் தகட்டின் மேல் அது தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கழுவி உலர்ந்த, குளிர்ந்த பரப்பில் மட்டுமே மெழுகு பூச வேண்டும். பஞ்சுத் திண்டில் சிறிதளவு எடுத்து, ஒரு கதவு அல்லது முன்மூடியின் பாதி என்று பகுதி பகுதியாக, மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். தடித்துப் பூசினால் பளபளப்பு கூடாது. துடைத்தெடுக்கும் தொல்லைதான் கூடும். சில நிமிடத்தில் மெழுகு மூடுபனிபோல் மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு தெளிவாக நின்றால், புதிய நுண்ணிழைத் துணியால் மென்மையாகத் துடைத்தெடுக்கலாம். இழுகினால் இன்னும் பொறுக்க வேண்டும். கருநிற நெகிழிப் பகுதிகளில் மெழுகு பட்டால் வெண்கறையாக நிற்கும். பளபளப்பற்ற பூச்சுடைய வண்டிகளுக்கு மெழுகே ஆகாது.

இவ்வளவும் வாரம் ஒருமுறை வீட்டார் செய்வதற்கு. மற்ற நாள்களில் விடியற்காலையில் வரும் தொழிலாளரிடம் என்ன கூறுவது? சனவரிக் குளிரில் தண்ணீரில் கை வைப்பவர் அவர். கையிலிருப்பது ஒரே வாளி. கீறலுக்காக அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை, நேர்மையும் இல்லை. நம் வண்டிக்கென இரண்டு துவைத்த துணிகளைக் கொடுத்து, ஆந்தி வீசிய மறுநாள் கண்ணாடிகளையும் விளக்குகளையும் நீர் ஊற்றித் துடைத்தால் போதும், மற்றதைத் தொட வேண்டா என்று கூறலாம். வேலை குறைந்ததென்று மாத ஊதியத்தைக் குறைத்துவிடக் கூடாது. துடைக்காமல் விடச் சொன்னது நாம்.

பூசிய மெழுகு எவ்வளவு நாள் நிற்கும் என்பது வெயிலையும் கழுவும் முறையையும் பொறுத்தது. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. அதை அறிய மழையே போதும். பற்றில்லாமல் வாழ்வோரைத் தாமரை இலைத் தண்ணீர்போல் என்பர். மெழுகு பூசிய வண்டியின் மேலும் மழைத்துளி அவ்வாறே முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். தாமரை இலையின் மேல் மெழுகோடு கண்ணுக்குப் புலனாகா நுண்மேடுகளும் உண்டு. ஆதலால் அங்கே துளி உருண்டோடுவதுபோல் வண்டியின் மேல் ஓடாது. சூலையில் பருவமழை வந்ததும் முன்மூடியைப் பார்க்கலாம். துளிகள் திரளாமல் தட்டையாகப் பரவி நின்றால் மெழுகு போய்விட்டது என்று பொருள். மழை விட்ட ஒரு காலையில் மீண்டும் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.