துடித்தால் மட்டும் போதாது: பேஸ்மேக்கர் வயர் எந்த இடத்தைத் தொடுகிறது?

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களில் ஏற்றம் ஏறாமல் ஒரு நாளும் கழியாது. லயத்திலிருந்து மலைக்கு ஏற வேண்டும், கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்க வேண்டும், கடைக்குப் போனால் திரும்பவும் ஏற வேண்டும். அறுபது தாண்டியவர் ஒருவர் “படியேற மூச்சு வாங்குது, தலை சுத்துது” என்றால், வீட்டார் இரத்தம் குறைவு என்பார்கள்; வயசாகிவிட்டது என்பார்கள். பலருக்கு அதுவே காரணமாகவும் இருக்கும். ஆனால் சிலருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 35 தடவைதான் அடிக்கும். ஈசிஜி எடுத்தால், மேலறைகள் ஒரு கணக்கிலும் கீழறைகள் வேறொரு கணக்கிலும் துடிப்பது தெரியும். ‘ஹார்ட் புளொக்’ என்று வைத்தியர் சொல்வது இதைத்தான். இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்ததால் வந்ததல்ல இது. மேலிருந்து கீழே இறங்க வேண்டிய மின்துடிப்பு நடுவழியில் நின்றுபோனது.

இப்படிப்பட்டவருக்குப் பேஸ்மேக்கர் உயிர் காக்கும் கருவி. பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு வந்து, தோளெலும்புக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு திரும்புகிறவரிடம் கிறுகிறுப்பு இருக்காது. “இனிப் பயமில்லைதானே, டொக்டர்?” என்று வீட்டார் கேட்பார்கள். துடிப்பு நின்றுவிடும் என்ற பயம் இனி வேண்டாம். ஆனால் அந்தத் துடிப்பு இதயத்தின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பது இன்னொரு கேள்வி. இருதய வைத்தியத்துறை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக விடை தேடிவருவது அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்க்கலாம். வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அதிலிருந்து மின்துடிப்பு புறப்படும். மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளும். நடுவிலுள்ள ஏவி கணுவில் மின்துடிப்பு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். கீழறை நிரம்புவதற்கு அந்த அவகாசம் வேண்டும். அதன்பின் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலம் இடம் என்று கிளை பிரிந்து, பர்கின்ஜி நார்களில் பரவும். சுவிஸ் மருத்துவர் வில்ஹெல்ம் ஹிஸ் 1893இலும், ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இலும் விவரித்த பாதை இது.

இந்த நார்களில் மின்துடிப்பு விநாடிக்கு 2 முதல் 4 மீற்றர் வேகத்தில் ஓடும். சாதாரண இதயத் தசையிலோ அரை மீற்றர் அளவுதான். கண்டியிலிருந்து தார் ரோட்டில் பஸ்ஸில் வருவதற்கும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கால்நடையாக மலையேறுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. நார்களில் ஓடுவதால்தான் இரண்டு கீழறைகளும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒன்றாகச் சுருங்கி, இரத்தத்தை ஒரே வீச்சில் வெளியே தள்ளுகின்றன.

பேஸ்மேக்கர் வந்தபோது இவ்வளவையும் யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. 1958 அக்டோபர் 8ஆம் திகதி ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் முதல் பேஸ்மேக்கரை வைத்தார்கள். ஓகே செனிங் சத்திரசிகிச்சை செய்தார். ருனே எல்ம்க்விஸ்ட் கருவியை உருவாக்கியிருந்தார். அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. ஆனால் லார்சன், கருவிகளை ஒன்று மாற்றி ஒன்றாக வைத்துக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பிறகு இரத்த நாளம் வழியாகவே வயரை இதயத்துக்குள் செலுத்தும் முறை வந்தது. வலது கீழறையின் அடிமுனையில் வயர் எளிதாகப் போய் உட்காரும், அசையாமலும் இருக்கும். அதனால் பல பத்தாண்டுகளுக்கு அதுவே வழக்கமான இடமானது. வயர் நிலைத்து நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். துடிப்பு தொடங்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

அடிமுனையில் தொடங்கும் துடிப்பு நார்களை விட்டுத் தசை வழியாக ஊர்ந்து போகிறது. வலது கீழறையும் நடுச்சுவரும் முதலில் சுருங்குகின்றன. இடது கீழறையின் வெளிச்சுவர் இன்னும் சும்மா இருப்பதால், நடுச்சுவரின் அழுத்தத்தில் அது வெளியே இழுபடுகிறது. அது சுருங்கத் தொடங்கும்போது நடுச்சுவர் தளரத் தொடங்கிவிடும். உடம்புக்குப் போக வேண்டிய உந்துதலில் ஒரு பங்கு இப்படி இதயத்துக்குள்ளேயே வீணாகிறது. வால்வைப் பிடித்திருக்கும் தசைகளும் நேரம் தவறுவதால், சிலருக்கு மைட்ரல் வால்வில் கசிவும் வரும். ஈசிஜி தாளில் இதைக் கண்ணாலேயே காணலாம்: ஒடுங்கிக் கூராக இருக்க வேண்டிய கோடு, பேஸ்மேக்கரின் குச்சிக்கோட்டை அடுத்து அகன்று கிடக்கும்.

நாளொன்றுக்கு இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அத்தனையும் ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இடது கீழறை விரிந்து பலவீனமடைகிறது. மற்றவர்கள் அதே வயரோடு நன்றாகவே வாழ்கிறார்கள். இதைப் படித்துவிட்டுப் பேஸ்மேக்கரே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. முழுமையான ஹார்ட் புளொக்கைக் கவனிக்காமல் விட்டால் திடீர் மரணம் வரலாம்.

வயரின் இடம் ஒருபுறம் இருக்க, கருவி இயங்கும் முறையும் முக்கியம். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கொடுக்கப்படும் அட்டையில் விவிஐ என்று இருந்தால், கருவி கீழறையை மட்டும் பார்க்கிறது, அதை மட்டும் துடிக்க வைக்கிறது. டிடிடி என்று இருந்தால், மேலறையில் ஒன்று கீழறையில் ஒன்று என இரண்டு வயர் மூலம் இரண்டையும் கவனித்து, இரண்டையும் வரிசைப்படுத்துகிறது. விவிஐ முறையில் சிலருக்கு மூடிய வால்வுக்கு எதிராக மேலறை சுருங்கும். கழுத்தில் துடிப்பு தெரியும், களைப்பும் மயக்கமும் வரும். ஆனால் இரண்டு வயர் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. சைனஸ் கணு பழுதடைந்த நோயாளரிடம் நடந்த மோஸ்ட் ஆய்வை 2003இல் அலசியபோது, இரண்டு வயர் வைத்தவர்களிலும் கீழறை 40 வீதத்துக்கு மேல் பேஸ் செய்யப்பட்டவர்கள், அதாவது கருவியால் துடிக்க வைக்கப்பட்டவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் இதயச் செயலிழப்பால் வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு 2.6 மடங்காக இருந்தது. அதனால், கீழறை தானாகத் துடிக்க முடிந்தால் கருவி ஒதுங்கியிருக்கும்படி நிரல் அமைக்கிறார்கள்.

தானாகத் துடிக்கவே முடியாதவருக்கு? இடது கீழறைக்கு இன்னொரு வயர் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒருசேரத் துடிக்க வைப்பது ஒரு வழி. அது நல்ல சிகிச்சை, ஆனால் கருவி விலை கூடியது. இன்னொரு வழி இயற்கையின் பாதைக்கே திரும்புவது. 2000இல் பிரமோத் தேஷ்முக் குழுவினர் ஹிஸ் கற்றையிலேயே நிரந்தர வயர் வைக்கலாம் என்று காட்டினார்கள். பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவமனைகளில் புகழேந்தி விஜயராமன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஒப்பீடு இதில் முக்கியமானது. ஒரு மருத்துவமனையில் 332 பேருக்கு ஹிஸ் கற்றையில் வயர் வைக்க முயன்றார்கள். துணை மருத்துவமனையில் 433 பேருக்கு வழக்கம்போல் வலது கீழறையில் வைத்தார்கள். மரணம், இதயச் செயலிழப்பால் அனுமதி, இரண்டு பக்கத்தையும் துடிக்க வைக்கும் கருவிக்கு மாற வேண்டிய நிலை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் முதலாவதில் 25 வீதம், இரண்டாவதில் 32 வீதம்.

ஹிஸ் கற்றை மிகச் சிறியது. வயரை அதில் பிடிக்க வைப்பது கடினம், பிடித்தாலும் சிலருக்கு நாளடைவில் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். சீனாவின் வென்சோவில் ஹுவாங் வெய்ஜியான் 2017இல் சற்றுக் கீழே போய், இடது கிளையைப் பிடித்தார். ஒன்றரை மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத வயர். அதன் நுனியில் சின்னத் திருகு. வலது பக்கத்திலிருந்து நடுச்சுவருக்குள் அதைத் திருகித் திருகி, இடது கிளை ஓடும் மறுபக்க ஓரம் வரை கொண்டுபோக வேண்டும். குறைவாகத் திருகினால் நார் கிடைக்காது. கூடத் திருகினால் சுவர் துளைபட்டு வயர் இடது கீழறைக்குள் போய்விடும்.

எப்போது நிறுத்துவது? இதில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி, விஜயராமனோடு சேர்ந்து இந்த முறை பற்றித் தொடர்ந்து எழுதிவருபவர். வயர் உள்ளே போகப் போகச் சுவர் எரிச்சலடைந்து இடையிடையே தனித் துடிப்புகள் எழும். திரையில் அவற்றின் வடிவம் மாறிக்கொண்டே வரும். வயர் நுனி இடது கிளையை எட்டியதைக் காட்டும் வடிவம் தோன்றியதும் கையை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் குழு விவரித்தது.

இந்த முறைக்குப் பெரும்பாலும் வழக்கமான பேஸ்மேக்கர் பெட்டியே போதும். கூடுதலாகத் தேவைப்படுவது பயிற்சி பெற்ற கை. சிகிச்சைக்குக் கட்டணமில்லாத அரச வைத்தியசாலைகளை நம்பியிருக்கும் நம்மைப் போன்ற நாட்டுக்கு இது பொருத்தமான வழி. வைத்தியர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைக்கச் செய்வது செலவல்ல, சேமிப்பு. 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும், கீழறையை 20 முதல் 40 வீதத்துக்கு மேல் பேஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கப்படுவோருக்கு இத்தகைய முறைகளைக் கருதச் சொல்கிறது.

உங்கள் வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அந்த அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். நெஞ்சின் மேல் பரிசோதனைக் கருவியை வைத்துப் பார்க்கும்போது, கீழறை எத்தனை வீதம் பேஸ் ஆகிறது என்ற எண் திரையில் வரும். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது கூடுதலாக இருந்தால், கடைசியாக எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது எடுத்தது, அடுத்தது எப்போது என்று கேளுங்கள். பேஸ்மேக்கர் வைத்துச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, வயசென்று விட்டுவிடாமல் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். இதயம் பலவீனமாவதை நேரத்தோடு கண்டுபிடித்து வயரின் இடத்தை மாற்றினால், பலருக்கு அதன் பலம் திரும்பி வருகிறது.