சங்கு ஊதிய இடத்தில் இன்று: மும்பை ஆலை நிலங்களின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், மும்பை லோயர் பரேல் பகுதியிலுள்ள கிளையொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நவம்பர் மாதம் என்றால் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வரிசையில் நிற்பார்கள். அன்று வந்தவர்களுள் எழுபது வயதைக் கடந்த முன்னாள் ஆலைத் தொழிலாளி ஒருவரும் இருந்தார். விரல்ரேகைக் கருவி அவருடைய பெருவிரலை ஏற்கவில்லை. நான்கு முறை முயன்றும் பயனில்லை.

"ரேகை எல்லாம் நூலோடு போய்விட்டது, சாஹேப்" என்று சிரித்தார்.

"பரவாயில்லை, காகா. வேறு விரலை வைத்துப் பார்ப்போம்" என்றேன்.

மோதிர விரல் ஏற்கப்பட்டது. சான்றை வாங்கி மடித்துக்கொண்டவர், கிளம்பும் முன் எங்கள் காசாளர் அமர்ந்திருந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். "அந்த மூலையில்தான் என்னுடைய ரிங் ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது" என்றார்.

எங்கள் கிளை இயங்கிய கண்ணாடிக் கட்டடம் ஓர் ஆலை நிலத்தின்மேல் எழுந்தது என்பதை நான் அறிவேன். கட்டடத்தின் குத்தகை ஆவணத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது. ஆயினும், ஒரு நிலத்தின் பயன்பாடு மாறுவது என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

கழனியிலிருந்து ஆலைக்கு

பரேலும் அதன் சுற்றுப்புறமும் ஒரு காலத்தில் கடல்நீர் புகுந்து வடியும் தாழ்நிலங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்ன்பி வெல்லார்டு என்னும் தடுப்பணை கட்டப்பட்ட பின்னரே உட்பகுதிகள் மெல்ல மெல்ல உலர்நிலமாயின. 1853இல் போரி பந்தருக்கும் தானேவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணியர் ரயில் ஓடியது. அதற்கு அடுத்த ஆண்டு கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கினார். தார்தேவில் அமைந்த அவ்வாலை 1856இல் உற்பத்தியைத் தொடங்கியது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்துக்குச் செல்லும் அமெரிக்கப் பருத்தி தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்தது. பம்பாயில் பணம் குவிந்தது. போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் நொடித்துப்போனார்கள். எனினும், அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பைகுல்லா, லால்பாக், பரேல், வோர்லி எனப் பரந்த இப்பகுதிக்கு மக்கள் 'கிரண்காவ்' என்று பெயரிட்டனர். மராத்தியில் 'கிர்ணி' என்றால் ஆலை. 'காவ்' என்றால் ஊர்.

கொங்கண் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா போன்ற மேட்டுநில மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், 'சால்' எனப்படும் வரிசை வீடுகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கினார்கள். ஆலைச் சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம். ஆலை வாயிலைச் சுற்றித் தேநீர்க்கடை, மளிகைக்கடை, சலூன், வட்டிக்கடை எல்லாம் தோன்றின. தனியே வந்த தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் உணவளித்து வாழ்ந்த பெண்கள் பல்லாயிரவர். கந்துவட்டியில் சிக்கியிருந்த அப்பெண்களை ஒன்றிணைத்து 1975இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல், அவர்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தந்தது. ஈடு வைக்க எதுவுமற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சிறுகடன்கள், வங்கித் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றோர் பெருமையுடன் நினைவுகூரத் தக்கவை.

சங்கு நின்றது

1982 ஜனவரி 18 அன்று, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முறைப்படி முடித்துக்கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்படவே இல்லை. ஆலைகள் நலிந்ததற்கு வேலைநிறுத்தம் ஒன்றே காரணமன்று. பிவண்டி, மாலேகாவ் போன்ற ஊர்களில் விசைத்தறிகள் குறைந்த செலவில் துணி நெய்தன. பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கப் பல ஆலைகள் முதலீடு செய்யவில்லை. மறுபுறம், ஆலை நின்றிருந்த மண்ணின் மதிப்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. நூல் நூற்பதைவிட நிலத்தை விற்பது இலாபம் என்னும் நிலை வந்தபோது, ஆலையை நடத்துவதற்கான காரணமே மெலிந்துபோயிற்று.

ஆலை நிலங்களின் பரப்பு சுமார் 600 ஏக்கர். நெரிசலில் திணறும் தீவு நகரத்தின் நடுவில் இத்தனை நிலம் ஒரே காலத்தில் பயன்பாடு மாறக் காத்திருந்தது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி இதற்கென வகுக்கப்பட்டது. நிலம் மறுவளர்ச்சிக்கு வரும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கு மாநகராட்சியிடமும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்காக 'மாடா' அமைப்பிடமும் செல்ல வேண்டும்; எஞ்சியது உரிமையாளருக்கு. 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, நிலங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்காமல் பகுதி முழுவதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத வெற்றிடம் மட்டுமே பங்கிடப்படும் என்றாயிற்று. ஆலை வளாகங்களின் பெரும்பகுதியில் கட்டடங்கள் நின்றதால், பொதுமக்களுக்கு வரவேண்டிய பங்கு வெகுவாகச் சுருங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு விதியில் மாறிய சில சொற்கள் ஒரு நகரத்தின் பூங்காக்களையும் வீடுகளையும் தீர்மானித்தன.

ஒரே மண், பல பயன்கள்

1905இல் நிறுவப்பட்ட ஃபீனிக்ஸ் ஆலையை எடுத்துக்கொள்வோம். நூற்பும் நெசவும் நடந்த வளாகத்தில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொழுதுபோக்குக் கூடம் வந்தது. பின்னர்ப் பேரங்காடிகளும் உணவகங்களும் வந்தன. இன்று அது நாட்டின் புகழ்பெற்ற வணிக வளாகங்களுள் ஒன்று. ஆலையின் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது. தாதரில் உள்ள இந்து மில் நிலமோ டாக்டர் அம்பேத்கரின் நினைவிடத்திற்கு ஒதுக்கப்பட்டது. வேறு ஆலைகளின் இடத்தில் அலுவலகக் கோபுரங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன; வங்கிகளும் குடியேறின, எங்கள் கிளையைப் போல.

இம்மாற்றத்தால் வேலைகள் உருவாகவில்லை என்று கூற முடியாது. ஆலைகள் நடந்த காலத்தைப் போலவே இன்றும் காலையில் பல்லாயிரவர் இங்கே பணிக்கு வருகிறார்கள். எனினும், நிலத்தின் பயன் மாறிய வேகத்தில் அதைச் சூழ்ந்த வசதிகள் மாறவில்லை. பரேலையும் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைத்த குறுகிய நடைமேம்பாலத்தில் 2017 செப்டம்பரில் ஏற்பட்ட நெரிசலில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் மூண்ட தீ 14 உயிர்களைக் கொண்டது.

தொழிலாளர்களுக்கு வீடு வழங்கும் முயற்சியும் நடந்தது. 2012இல் ஆலை நிலத்தில் கட்டப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்களோ இலட்சத்தைத் தாண்டியவர்கள். எங்கள் காகாவும் விண்ணப்பித்திருந்தார். அவருடைய எண் வரவில்லை.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

மும்பையின் கதை பெரிது. எனினும் அதன் பாடம் சிறு கடை வாங்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். கோயம்புத்தூர், அகமதாபாத், கான்பூர் என ஆலைகளால் வளர்ந்த நகரங்களிலெல்லாம் பழைய தொழிலிடங்கள் புதுவேடம் பூண்டு வருகின்றன. வணிக இடம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ எண்ணும் வாடிக்கையாளர்கள் நான்கு செய்திகளை உறுதிசெய்துகொள்வது நலம்.

முதலாவது, அந்த மண்ணின் வரலாறு. வங்கி பொதுவாக முப்பது ஆண்டுகளுக்கான உரிமைத் தொடரைச் சரிபார்க்கிறது. அது வங்கிக்கு மட்டுமான சடங்கன்று. உங்கள் சேமிப்புக்கும் அதுவே காப்பு. பழைய தொழிலகம் எனில், தொழிலாளர் நிலுவை குறித்த வழக்கு ஏதும் உள்ளதா என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட பயன்பாடு. தொழில் மண்டலத்தில் உள்ள இடம் வணிகத்திற்கு முறைப்படி மாற்றப்பட்டதா? கிடங்காக அனுமதி பெற்ற இடத்தில் உணவகம் நடத்தினால், உரிமமும் காப்பீடும் சிக்கலுக்குள்ளாகும்.

மூன்றாவது, குடியேற்றச் சான்றும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும். இவ்விரண்டும் இல்லாத கட்டடத்தில் வாடகை குறைவாக இருந்தால், அதை மலிவு என்று கருத வேண்டாம்.

நான்காவது, சொத்தின் மதிப்பு. ஓர் இடத்திற்கு இன்றுள்ள அனுமதியின் அடிப்படையில்தான் வங்கி மதிப்பிடும். "நாளை இங்கே மால் வரும்" என்னும் பேச்சுக்குக் கடன் கிடைக்காது. அப்பேச்சை நம்பி உங்கள் கைப்பணத்தையும் போட வேண்டாம்.

அந்த நவம்பருக்குப் பின்னும் காகா இருமுறை வந்தார். இரண்டாம் முறை பள்ளியில் படிக்கும் பேத்தியை அழைத்துவந்து, அவள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கினார். படிவத்தை நிரப்பும்போது அவள் தாத்தாவின் பழைய தொழிலைப் பற்றிக் கேட்டாள். அவர் பதில் கூறவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக் காசாளரின் மூலைக்கு அழைத்துச் சென்று, இயந்திரம் எங்கே நின்றது, கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டினார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கள் காசாளரும் சில நிமிடம் எழுந்து நின்றார்.